மாரியில கிளியர் வெள்ளை பூக்குது: 1/24 மாதிரிக் கார் லான்சர் பொடிக்கு என்ன வழி?

கல்லடி_24:

வணக்கம் எல்லாருக்கும். டமியா கம்பனியின் 1/24 அளவுப் பிளாஸ்டிக் மாதிரிக் கார், லான்சர் எவல்யூஷன் VI பொடி (காரின் மேலுடல்) ஒண்டு கையில இருக்கு. அச்சுக்கோடு எல்லாம் 800 நம்பர் வோட்டர் பேப்பரால தேய்ச்சு எடுத்தாச்சு, கதவு, பொனட், டிக்கிக் கோடுகளை ஸ்கிரைபரால ஆழமாக்கியாச்சு, பிங்க் பிறைமர் (அடிப்பூச்சு) அடிச்சு 1500 வோட்டர் பேப்பரால தடவியும் வச்சிருக்கன். இனி டிஎஸ்-8 இத்தாலியன் ரெட், அதுக்கு மேல டெக்கால் (ஒட்டுப்படம்), கடைசியா டிஎஸ்-13 கிளியர் (நிறமில்லாத மினுக்கப் பூச்சு); சிவப்பும் கிளியரும் லாக்கர் ஸ்பிரே டின். மூண்டும் கையில ரெடி.

பொடியைத் தொட முதல் பிளாஸ்டிக் கரண்டியில அடிச்சுப் பாத்தால், சிவப்பு வடிவா வருது. கிளியர் மட்டும் அடிச்சு ரெண்டு நிமிசத்தில பால் கலந்த மாதிரி மங்கிப்போகுது. அறையில ஈரப்பதம் 84 வீதம், வெப்பம் 28 பாகை. மழை விட்ட நேரத்தில அடிச்சாலும் இதே கதைதான்.

கிளியருக்கு மாசி வரைக்கும் பொறுக்கத்தான் வேணுமா, இல்லாட்டி வேற வழி இருக்கா? கராஜ்ல கார் பெயிண்டுக்குப் பாவிக்கிற 2கே கிளியரை (ஹார்ட்னர் எண்ட இறுக்கி கலந்து அடிக்கிறது) இதுக்கு அடிக்கலாமா? பொலிஷ் எந்த வோட்டர் பேப்பர் நம்பர்ல தொடங்கிறது எண்டும் சொல்லுங்க, ஒவ்வொரு வீடியோவும் ஒவ்வொண்டு சொல்லுது. 0.3 மி.மீ. மூக்கு எயார்பிரஷ்சும் (காத்தால பெயிண்ட் தூவுற பேனை) சின்னத் தாங்கி வச்ச கொம்பிரசரும் இருக்கு.

வாவிக்கரை:

பொறுக்கத் தேவையில்ல தம்பி. டின்னால நேரா அடிக்கிறதைத்தான் நிப்பாட்டணும்.

முதல்ல ஏன் பூக்குது எண்டு பாருங்க. 28 பாகை, 84 வீதம் எண்டால் பனி படியிற வெப்பநிலை கிட்டத்தட்ட 25 பாகை. பொடியின் மேல்தோல் மூண்டு பாகை குளிர்ந்தாலே காத்தில இருக்கிற தண்ணி அதில படியத் தொடங்கும். லாக்கர் தின்னர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டுதான் போகும். டின்னுக்குள்ள இருக்கிற வாயு வெளிய வந்து விரியும்போது அதுவும் குளிர்ப்பிக்கும். ரெண்டும் சேர்ந்தால் மூண்டு பாகை எல்லாம் ஒரு விசயமே இல்ல. படிஞ்ச ஈரம் ஈரக் கிளியருக்குள்ள நுண்ணிய துளியா மாட்டுப்படும். தண்ணி புறகு காய்ஞ்சு போனாலும் அந்த இடத்தில ஓட்டை மிஞ்சும். அந்த ஓட்டைகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதைத்தான் நீங்க வெள்ளையாப் பாக்கிறீங்க. சிவப்பிலயும் இது நடந்திருக்கும், நிறமி மறைச்சுப்போடும். கரண்டியை டியூப் லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாருங்க, மினுக்கம் கொஞ்சம் செத்திருக்கும்.

அதால செய்ய வேண்டியது ரெண்டு. தின்னரை மெதுவா ஆவியாக விடணும். பொடியைக் காத்தை விடச் சூடா வச்சிருக்கணும்.

டிஎஸ்-13ஐ டின்னிலருந்து போத்தலுக்கு இறக்குங்க. அகல வாய்க் கண்ணாடிப் போத்தல் எடுத்து, டின் மூக்கில உறிஞ்சுகுழல் துண்டை டேப்பால இறுக்கி, போத்தல் வாயை அலுமினியத் தாளால மூடி, குழலை உள்ளுக்கு விட்டு ரெண்டு மூண்டு செக்கன் படி விட்டு விட்டு அமத்துங்க. ஒரு பொடிக்கு 30 மி.லீ. காணும். போத்தல் வெளிப்பக்கம் ஐஸ் மாதிரிக் குளிரும், திரவம் நுரைக்கும். மூடியை இறுக்க வேண்டாம். மேல சும்மா வச்சு ஒரு ராத்திரி முழுக்க விடுங்க. கரைஞ்ச வாயு வெளிய போகாமல் எயார்பிரஷ்ல ஊத்தினால் பொடியில குமிழ் குமிழா வரும். இறுக்கி மூடினால் மூடி பறக்கும். அந்த வாயு எரியக்கூடியது, குசினிப் பக்கம் இந்த வேலை வேண்டாம். சாமி விளக்குப் பக்கமும் வேண்டாம்.

விடிய ஒரு குச்சியால மெதுவாக் கிண்டிப் பாருங்க. குமிழ் வராட்டி மூண்டு பங்குக்கு ஒரு பங்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் விடுங்க. அதில ஏற்கனவே ரிடார்டர் (காயிறதை மெதுவாக்கிற திரவம்) இருக்கு. ஈரப்பதம் 80க்கு மேல நிக்கிற நாளில கூடுதலா மிஸ்டர் ரிடார்டர் மைல்ட் 5 வீதம், அதாவது 40 மி.லீ. கலவைக்கு 2 மி.லீ. அளந்து விடுங்க, ஊசி போடுற சிரிஞ்சு இருக்கு தானே. 10 வீதத்தைத் தாண்டினால் மேல காய்ஞ்ச மாதிரிக் காட்டும், உள்ளுக்குக் கிழமைக்கணக்கில மெத்தெண்டு கிடக்கும்.

பொடியைச் சூடாக்க: மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளுக்கு 25 வாட் குண்டு பல்ப், ஒரு வெப்பமானி, ரெண்டு காத்தோட்ட ஓட்டை. 38, 40 பாகையில அரை மணித்தியாலம் வச்சு எடுத்து உடனே அடியுங்க. மெல்லிய பிளாஸ்டிக், சூடு கெதியா இறங்கும், அதால முதல் ரெண்டு கோட்டுக்குத்தான் இது கைகொடுக்கும்; மிச்சத்தை ரிடார்டர் பாத்துக்கொள்ளும். 45 பாகையை மட்டும் தாண்ட விடாதீங்க. கூரைத் தூண்கள் மெல்லிசு, வளைஞ்சால் கண்ணாடி பொருந்தாது. வெயில்ல தகரத்துக்கு மேல காய வைக்கிற யோசனை இருந்தால் இப்பவே விட்டுடுங்க.

அடிக்கிற கணக்கு இப்பிடி. காத்தமுக்கம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, தூரம் 7, 8 சென்ரிமீற்றர். முதல் ரெண்டு கோட் வெறும் தூவல்தான், மேற்பரப்பு சொரசொரப்பாத் தெரிஞ்சால் சரி, பத்து நிமிச இடைவெளி. டெக்கால் இருக்கிற இடத்தில இந்தத் தூவல் கட்டாயம். டிஎஸ்-13 சூடான லாக்கர், எடுத்த எடுப்பில நனைச்சால் டெக்கால் சுருங்கும். புறகு மூண்டு ஈரக் கோட், ரிடார்டர் விட்டிருந்தால் 40 நிமிச இடைவெளி. ஈரக் கோட் எண்டால் டியூப் லைட்டின் பிம்பம் அடிச்ச உடனே உடையாமல் தெரியணும், வழியவும் கூடாது. சில்லு வளைவு, கதவுக் கீழ் விளிம்பு, தூண்களை முதல்ல அடிச்சுட்டு, புறகு பொனட், கூரை, டிக்கி, கடைசியாப் பக்கங்கள். ஒவ்வொரு இழுப்பையும் பொடிக்கு வெளிய தொடங்கி வெளியிலேயே முடியுங்க. அமத்திற இடத்திலயும் விடுற இடத்திலயும்தான் துப்பும்.

கொம்பிரசருக்கு நீர்ப்பொறி (காத்தில வாற தண்ணியைப் பிடிக்கிற கிண்ணம்) இல்லாட்டி இந்தக் காத்தில அடிக்கவே வேண்டாம். இருந்தாலும் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அதைத் திறந்து வடிச்சு விடுங்க. தாங்கியையும் அண்டைக்கண்டைக்கு வடியுங்க.

ஒண்டு சொல்ல மறந்திடுவன்: வெளிநாட்டு வீடியோவில டின்னைச் சுடுதண்ணியில வச்சுத்தான் அடிக்கச் சொல்லுவாங்க. அது 15 பாகைக் குளிருக்கான வழி. எங்கட சூட்டில டின்னுக்குள்ள ஏற்கனவே அமுக்கம் காணும், இன்னும் சூடாக்கினால் கிளியர் கொட்டி வழியும். கூடின சூட்டில வைக்கக் கூடாதெண்டு டின்னிலயே எழுதியிருக்கு.

அக்கரை_எயார்பிரஷ்:

வாவிக்கரை சொன்னது சரி. ஆனால் ஆனி ஆடியில இதை வாசிக்கிறவங்க இதே கணக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்க வேண்டாம். கச்சான் காத்து அடிக்கிற நாளில பிரச்சினை நேர் எதிர். ஈரம் இல்ல, சூடு கூட, காத்தும் விசையா இருக்கும். கிளியர் பொடிக்குப் போய்ச் சேர முதலே பாதி காய்ஞ்சு, மணல் தூவின மாதிரி சொரசொரப்பா விழும். பக்கங்களில தோடம்பழத் தோல் மாதிரி வாறதும் அதாலதான். அந்த நேரம் தின்னரைக் கூட்டி ஒண்டுக்கு ஒண்டு, தூரத்தை 5 சென்ரிமீற்றருக்குக் குறைச்சு, விடிய வெள்ளன, காத்து எழும்ப முதல் அடிச்சு முடிக்கணும். ரிடார்டர் அப்பவும் வேணும், காரணம்தான் வேற: பரவ நேரம் கிடைக்கணும்.

2கே பற்றிக் கேட்டீங்க. அடிக்கலாம், மினுக்கத்தில லாக்கர் கிட்டவும் நிக்காது. ஆனால் மாரியில அதுவும் சாமி குடுத்த வரம் இல்ல. அதின் ஹார்ட்னர் ஐசோசயனேட். தண்ணியோட சேர்ந்தால் காபனீரொட்சைட்டு வெளியாகும், கிளியருக்குள்ள ஊசித்துளை ஊசித்துளையாப் போகும். திறந்து வச்ச ஹார்ட்னர் டின் எங்கட காத்தில கொஞ்ச நாளிலேயே பாகு பிடிச்சு வீணாப்போயிடும், கிடைக்கிறதில ஆகச் சின்ன டின்னை எடுங்க. கடையில கேக்கும்போது மெதுவாக் காயிற ஹார்ட்னர் எண்டு கேளுங்க. வேகமானது எங்கட சூட்டில கோப்பைக்குள்ளேயே இறுகத் தொடங்கும்.

அளவு: ரெண்டுக்கு ஒண்டு எண்டு டின்னில எழுதியிருந்தால் கிளியர் 10 மி.லீ., ஹார்ட்னர் 5, அதே கம்பனித் தின்னர் 5. காருக்கு எழுதியிருக்கிறதை விடத் தின்னர் கூடத்தான், 0.3 மூக்குக்கு அது தேவை. கிளியர் ஹார்ட்னர் விகிதத்தில மட்டும் கை வைக்காதீங்க, கண்மதிப்பில ஊத்தினால் ஒட்டிக்கொண்டே கிடக்கும். ஒரு மெல்லிய கோட், 15 நிமிசம், ஒரு ஈரக் கோட். அவ்வளவும்தான். மூண்டாவது அடிச்சால் நீங்க ஆழமாக்கின கதவுக் கோடு அரைவாசி மூடிப்போகும், கார் மெழுகில தோய்ச்சு எடுத்த மாதிரி ஆயிடும். முடிஞ்ச உடனே எயார்பிரஷ்சைக் கழட்டிக் கழுவுங்க. இறுகினால் எந்தத் தின்னருக்கும் அசையாது.

கீழ இருக்கிற சிவப்பு நல்லாக் காய்ஞ்சிருக்கணும், ஒரு கிழமையாவது. லாக்கருக்குள்ள தின்னர் மிஞ்சியிருக்க 2கே போட்டு மூடினால் அது பிறகு வெளிய வரப் பாத்து, மினுக்கம் செத்துப்போகும், சில நேரம் சுருங்கவும் செய்யும்.

இனி முக்கியமானது. துணி மாஸ்க், என்95 ரெண்டும் ஆவியை மறிக்காது. லாக்கருக்கே கரிம ஆவிக் காட்ரிட்ஜ் போட்ட மாஸ்க் வேணும். 2கே அதை விடப் பொல்லாதது. ஐசோசயனேட்டுக்கு மணம் காட்டிக்குடுக்காது, காட்ரிட்ஜ் தீர்ந்தாலும் தெரியாது. கராஜ்ல ஒழுங்கா வேலை செய்யிறவங்க வெளியிலருந்து குழாயால வாற காத்தைச் சுவாசிச்சுக்கொண்டுதான் அடிப்பாங்க. வீட்டு அறைக்குள்ள, புள்ளைகள் இருக்கிற இடத்தில, ஆஸ்துமா உள்ளவங்க பக்கத்தில அடிக்கவே கூடாது. ஒரு பொடிக்காக இந்தப் பாடு வேணுமா எண்டு கேட்டால், வேணாம் எண்டுதான் நான் சொல்லுவன். டிஎஸ்-13 ஒழுங்காப் போட்டுப் பொலிஷ் பண்ணினால் ஒரு முழம் தள்ளி நிண்டு பாக்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கல்லடி_24:

நன்றி அண்ணா, நன்றி காக்கா. அப்ப 2கே வேணாம், டிஎஸ்-13ஐ இறக்கியே அடிக்கிறன். சிவப்பையும் இறக்கத்தான் வேணுமா? இன்னொண்டு, தூசு அடங்க நிலத்துக்குத் தண்ணி தெளிக்கச் சொல்லி எல்லா இடத்திலயும் எழுதியிருக்கு. எங்கட வீடு கடற்கரைக்குக் கிட்ட, மணலும் உப்புக் காத்தும் எந்த நேரமும்.

சம்மாந்துறை_டிங்கர்:

நிலத்துக்குத் தண்ணி தெளிக்கிறது கோடையில. 84 வீத ஈரத்தில நிலத்தையும் நனைச்சால் வாவிக்கரை சொன்ன கணக்கு இன்னும் கேடாத்தான் போகும். பதிலுக்கு ஈரத் துணியால நிலத்தைத் துடைச்சு, மின்விசிறியை நிப்பாட்டி, அரை மணித்தியாலம் ஆளரவம் இல்லாமல் விட்டுட்டு அடியுங்க.

பொடியைக் காய்ஞ்ச துணியால துடைக்காதீங்க. பொலிஸ்டைரீனில நிலைமின் ஏறி அறையில இருக்கிற தூசு முழுக்க அதில வந்து ஒட்டும். கை கழுவி உதறிப்போட்டு அந்த ஈரக் கையாலயே ஒரு தடவை தடவுங்க, காய விட்டு உடனே அடியுங்க. அடிச்ச கையோட மூடியுள்ள பெட்டிக்குள்ள. பொடியை ஏத்தி வைக்க வெட்டின ஒரு லீற்றர் தண்ணிப் போத்தலும் ரெட்டைப்பக்க டேப்பும் போதும்.

மனே, தண்ணி விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல. கரையோரக் கிணத்துத் தண்ணியில உப்பும் நொய் மணலும் இருக்கும். அதால கழுவிக் காய விட்டால் ஒவ்வொரு துளி நிண்ட இடத்திலயும் வெள்ளை வட்டம் விழும், அதுக்கு மேல பெயிண்ட் அடிச்சால் மேடு தெரியும். வோட்டர் பேப்பருக்கு அதே தண்ணியைப் பாவிச்சால் ஒரு மணல் மணி காணும் பொனட் முழுக்கக் கோடு போட. கழுவிறதுக்கு எந்தத் தண்ணியாவது பாவியுங்க. கடைசி அலசலுக்கும் தேய்ப்புக்கும் கடையில விக்கிற குடிதண்ணிப் போத்தல், அதில ஒரு துளி பாத்திரம் கழுவுற திரவம்.

சிவப்பை இறக்கத் தேவையில்ல. ஆனால் மழை விட்டு வெயில் எட்டிப் பாக்கிற மத்தியான நேரம் பாத்து அடியுங்க. 31 பாகை, 60 வீதம் எண்டால் பனி படியிறது 22, 23 பாகையில. எட்டுப் பாகை இடைவெளி கிடைக்குது, டின்னுக்கே அது போதும். டின் எண்டால் 15, 20 சென்ரிமீற்றர் தள்ளி, ரெண்டு தூவல், ரெண்டு ஈரம். சிவப்பு கூட அடிக்க அடிக்க இருண்டுகொண்டு போகும், பிங்க் பிறைமர் போட்டிருக்கிறபடியா மெல்லிசாவே நிறம் நிரம்பிடும்.

கராஜ் வேலை செய்யிற பொடியன்மார் தாற என்.சி. தின்னரை (கார் லாக்கருக்கான கடும் தின்னர்) இதுக்குள்ள கலக்காதீங்க. கருவி கழுவ நல்லது. பிளாஸ்டிக்கில பட்டால் தோல் வெடிச்ச மாதிரிக் கீறல் விழும், பிறைமர் மெல்லிசா இருந்தால் ஊடறுத்தும் போகும்.

கோட்டமுனை:

பொலிஷ் பற்றி நான் எழுதுறன். எந்த நம்பர்ல தொடங்கிறது எண்டதை விட எப்ப தொடங்கிறது எண்டதுதான் பெரிசு. வீடியோக்காரங்க ஆளுக்கொண்டு சொல்லுறது அவங்கட கிளியர் எவ்வளவு சமனா விழுந்திருக்கு எண்டதைப் பொறுத்து.

டிஎஸ்-13 கையால தொட ஒரு மணித்தியாலத்தில காயும். பொலிஷ்சுக்குக் காய ஒரு கிழமை, மாரியில ரிடார்டரும் விட்டிருந்தால் ரெண்டு கிழமை. பெட்டியை ராத்திரி மூடி வச்சு விடியத் திறந்து மணந்து பாருங்க. தின்னர் மணம் வந்தால் இன்னும் பொறுங்க. சந்தேகம் எண்டால் கதவுக்குக் கீழ, வெளிய தெரியாத விளிம்பில நகத்தை அமத்துங்க, தடம் விழக் கூடாது. காயாத கிளியரைச் சமனாக்கிப் பொலிஷ் பண்ணினால் அண்டைக்குக் கண்ணாடி மாதிரி நிக்கும். மிஞ்சின தின்னர் போகப் போகக் கிளியர் சுருங்கி, பழைய தோடம்பழத் தோலும் பிறைமர்ல போட்ட 1500 கீறலும் திரும்பத் தலை காட்டும். ஏசி அறை இருந்தால் காய வைக்க அதுதான் ஆகச் சிறந்த இடம், ஈரத்தை அது இழுத்துப்போடும். அடிக்கிறது அதுக்குள்ள வேண்டாம்.

டியூப் லைட்டைப் பொனட்டில பிடிச்சுப் பாருங்க. கோடு நேரா, ஓரம் கொஞ்சம் நெளிஞ்சிருந்தால் 3000 காணும். கோடு முழுக்க உடைஞ்சு தெரிஞ்சால் 2000. அதுக்குக் கீழ போக வேண்டிய நிலை எண்டால் தேய்ச்சுச் சரிக்கட்டப் பாக்காமல் 2000ஆல லேசாச் சமனாக்கி இன்னும் ரெண்டு ஈரக் கோட் கிளியர் அடிக்கிறது லாபம். ஒரு எச்சரிக்கை: மைக்ரோ மெஷ் துணியில இருக்கிற நம்பரும் வோட்டர் பேப்பர் நம்பரும் ஒண்டில்ல. மைக்ரோ மெஷ் 3200 எண்டு போட்டிருக்கிறது 3000 வோட்டர் பேப்பரை விட நல்லாக் கரடு. ரெண்டையும் கலந்து பாவிக்கிறவங்க 3000 முடிச்சுட்டு அதை எடுத்துப் புதுக்கீறல் போட்டுக்கொண்டு, ஏன் மினுக்கம் வரேல்ல எண்டு கேப்பாங்க.

தேய்க்க முதல் விளிம்புகளைக் காப்பாத்தணும். கிளியர் ஈரமா இருக்கும்போது விளிம்பிலருந்து விலகித்தான் ஓடும், அங்க படலம் எப்பவும் மெல்லிசு. பொனட் ஓரம், கதவுக் கோட்டின் ரெண்டு பக்கம், சில்லு வளைவு உதடு, லான்சர்ல பொனட் காத்துத் துளைகளின் விளிம்பு, பின் இறக்கையின் ஓரம், இவ்வளவுக்கும் 1 மில்லிமீற்றர் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. 2000, 3000 ரெண்டும் டேப்போட. டேப்பைக் கழட்டிப்போட்டு 4000க்கு மேலதான் விளிம்பைத் தொடுறது, அதுவும் ரெண்டு மூண்டு இழுப்பு.

பேப்பரை ரெண்டுக்கு மூண்டு சென்ரிமீற்றரா வெட்டி, மெல்லிய ஸ்பொஞ்சுத் துண்டில வச்சு, நனைச்சு, நேர்க்கோட்டில தேயுங்க. விரல் நுனியால நேரா அமத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். வட்டமாத் தேய்க்க வேணாம். 3000 காரின் நீளவாக்கில எண்டால் 4000 குறுக்கால, 6000 திரும்ப நீளவாக்கில. அப்பதான் முந்தின நம்பரின் கீறல் போயிட்டா எண்டு கண்ணுக்குத் தெரியும். பத்துப் பதினைஞ்சு இழுப்புக்கு ஒருக்கா டிசுவால ஒத்தி எடுத்துப் பாருங்க. மங்கல் மேற்பரப்பில அங்கங்க மினுங்கிற புள்ளி தெரியும். அதெல்லாம் பேப்பர் இன்னும் எட்டாத பள்ளம். முழுக்க ஒரே மங்கலா வந்த கையோட நிப்பாட்டுங்க, அதுக்கு மேல ஒரு இழுப்பும் வேணாம். எல்லாரும் கிளியரை அடி தெரியத் தேய்ச்சுப்போடுறது முதல் நம்பர்லதான். புறகு வாற நம்பர் எல்லாம் முந்தின கீறலை அழிக்க மட்டும்.

கழுவுற தண்ணியில சிவப்பு கலந்தால் கிளியரைத் தாண்டிட்டீங்க. உடனே கையை எடுங்க.

8000 வரைக்கும் போனால் கம்பவுண்டுக்கு (பொலிஷ் பசை) வேலை குறைவு. டமியாவில சிவப்பு மூடி கரடு, நீல மூடி நடு, வெள்ளை மூடி கடைசி. 8000 முடிச்சவங்களுக்குச் சிவப்பு மூடி தேவையே இல்ல, நீலத்தில தொடங்குங்க. பழைய பெனியன் துணி, நல்லாத் தோய்ச்சது, ஒவ்வொரு மூடிக்கும் தனித்தனித் துண்டு. அரைப் பயறளவு எடுத்து, ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் இடத்தில அரை நிமிசம், அமத்தாமல். உராய்வுச் சூட்டில லாக்கர் இளகும், இளகினால் துணியின் நூல் தடம் விழும். சின்ன ட்ரில் மெசினில பஞ்சுச் சில்லு மாட்டிப் பொலிஷ் பண்ணிறது பற்றி யாராவது சொன்னால் காதில போடாதீங்க. அதின் ஆகக் குறைஞ்ச வேகமே இந்தப் படலத்துக்குக் கூட, கூரை நடுவில கிளியர் சுருண்டு வரும்.

பற்பசை பற்றியும் கேப்பீங்க. பாவிக்கலாம், ஆனால் அதின் மணிகள் ஒரே பருமனா இருக்காது, கதவுக் கோட்டுக்குள்ள போய் இறுகினால் கிண்டி எடுக்கேலாது.

அக்கரை_எயார்பிரஷ்:

கோட்டமுனை சொன்னதோட ஒண்டு. பிறகு மெற்றாலிக் நிறம் அடிக்கிற எண்ணம் இருந்தால், சில்வரோ பேர்ளோ எதுவும், நிறக் கோட்டை ஒரு நாளும் தேய்க்காதீங்க. உள்ள கிடக்கிற செதில் உடைஞ்சு கருந்திட்டாத் தெரியும், கிளியர் போட்டாலும் மறையாது. தூசு விழுந்தால்கூடக் கிளியர் போட்ட புறகுதான் எடுக்கணும். மெற்றாலிக்குக்கு ஒரு ஈரக் கோட் கிளியர் கூடவே போடுங்க.

சிவப்பிலயே ஒண்டு: டெக்காலுக்கு மேல போட்ட கிளியரைத் தேய்க்கும்போது டெக்கால் ஓரம் மேடா நிக்கும். அதைச் சமனாக்கப் போனால் டெக்கால் கிழியும். முதல் ரெண்டு ஈரக் கோட்டுக்குப் புறகு நாலைஞ்சு நாள் காய விட்டு, அந்த ஓரத்தை மட்டும் 3000ஆல மெதுவாத் தடவி, கழுவி, மூண்டாவது கோட்டைப் போடுங்க.

கல்லடி_24:

எல்லாம் குறிச்சு வச்சாச்சு. கடைசிக் கேள்வி ரெண்டு. சொன்னபடி டேப் ஒட்டியும் விளிம்பில சிவப்பு போய் பிங்க் தெரிஞ்சால் தூரிகையால தொட்டு விடலாமா? கண்ணாடிச் சுத்து ரப்பருக்குக் கறுப்பு அடிக்கிறது பொலிஷ்சுக்கு முதலா, புறகா?

கோட்டமுனை:

தூரிகை வேணாம். லாக்கரைத் தூரிகையால வச்சால் கீழ உள்ளதைக் கரைச்சு, அந்த இடம் மேடாகி நிறமும் கடுமையாகும். டிஎஸ்-8ல கொஞ்சம் போத்தலுக்கு இறக்கி, லெவலிங் தின்னர் ரெண்டு பங்கு விட்டு, 10 பிஎஸ்ஐயில, 3 சென்ரிமீற்றர் தூரத்தில அந்த விளிம்பில மட்டும் தூவித் தூவி நிறத்தைக் கட்டுங்க. புறகு அந்தப் பலகை முழுக்க, அதாவது பொனட் எண்டால் பொனட் கோடு வரைக்கும், கிளியர். நடுவில கிளியரை நிப்பாட்டினால் அந்த ஓரம் வளையமாத் தெரியும்.

இந்த வேலை எல்லாம் முடியிற வரைக்கும் மெழுகு, கார் பொலிஷ் எதையும் பொடிக்குக் கிட்ட எடுக்காதீங்க. அதுகளில அநேகமா சிலிக்கோன் இருக்கும், ஒருக்காப் பட்டால் அடுத்து அடிக்கிற பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகி விலகி நிக்கும்.

சம்மாந்துறை_டிங்கர்:

ரப்பர்க் கறுப்பு பொலிஷ்சுக்குப் புறகுதான். முதல் அடிச்சால் கம்பவுண்டு அதைத் தின்னும், கறுப்புக் கரைஞ்சு சிவப்பில இழுபடும்.

பொலிஷ் முடிஞ்சதும் மென்மையான பழைய பல் தூரிகையும் சவர்க்காரத் தண்ணியும் வச்சுக் கதவுக் கோட்டுக்குள்ள நிக்கிற கம்பவுண்டைக் கழுவி எடுங்க. காய்ஞ்சால் வெள்ளைக் கோடா நிண்டுபோகும், பிறகு ஊசியால சுரண்ட வேண்டி வரும். ஒரு நாள் காய விட்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, ஓரத்தை நகத்தால அழுத்தி, டமியா எக்ஸ்-18 அரை மினுக்கக் கறுப்பை எக்ஸ்-20ஏ தின்னர்ல கலந்து தூவுங்க. அது அக்ரிலிக், காய்ஞ்ச லாக்கரைக் கடிக்காது. டேப்புக்குக் கீழ கசிஞ்சாலும் பஞ்சுக் குச்சியில எக்ஸ்-20ஏ தொட்டுத் துடைச்சு எடுக்கலாம். டேப்பை ராத்திரி முழுக்க விடாமல், கறுப்புத் தொட்டுக் காய்ஞ்ச கையோட, பின்பக்கமா மடிச்சு மெதுவா இழுங்க. எங்கட சூட்டில ஒரு நாள் கிடந்தால் பசை கிளியரில தடம் போடும்.